ஓடிவந்த பெடியனின் கொப்பி

பாரிஸில் ட்ரொக்கடேரோ மெத்ரோவில் இறங்குகிற சனம் முழுக்க ஈபிள் கோபுரத்தைப் படம் எடுக்க ஒரு பக்கம் போகும். மற்றப் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு சின்னச் சதுக்கத்தில் கதிரையில் இருக்கிற ஒரு கிழவனாரின் வெண்கலச் சிலை வரும். நூறு டொலர் தாளில் இருக்கிற அதே முகம். பெஞ்சமின் பிராங்க்ளின். அதிலிருந்து போகிற தெருவுக்கும் அவருடைய பெயர்தான். இன்னும் கொஞ்சம் நடந்து ரேனுவார் வீதிக்குப் போனால், இந்த இடத்தில் அவர் குடியிருந்தார் என்று சுவரில் ஒரு கல்லும் பதித்திருக்கிறார்கள்.

1777 இலிருந்து 1785 வரை அமெரிக்காவின் தூதுவராக அவர் அங்கே இருந்தார். அப்போது அந்தப் பஸ்ஸி என்ற இடம் பாரிஸுக்கு வெளியே ஒரு கிராமம். 1860இல்தான் நகரத்தோடு சேர்த்தார்கள். அந்த வீட்டிலிருந்துதான் 1784இல், 78 வயதில், தன்னுடைய சுயசரிதையின் இரண்டாவது பகுதியை எழுதினார். தான் வாலிபனாக இருந்தபோது எப்படி வாழவேண்டும் என்று தனக்குத்தானே விதிகள் எழுதி, ஒரு சின்னக் கொப்பியில் கோடு போட்டு, ஒவ்வொரு இரவும் புள்ளி வைத்துப் பார்த்த கதை அந்தப் பகுதியில்தான் வருகிறது.

அந்தக் கொப்பியைப் பற்றி ஏற்கனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். 'வாழ்க்கையில் வெல்லப் பத்து வழிகள்' வகைப் புத்தகங்களில் கட்டாயம் வரும். கோட்டும் சூட்டும் போட்டவர்கள் மேடையில் நின்று சொல்லுவார்கள். 13 நற்குணம், கிழமைக்கு ஒன்று, கடைசியில் நூறு டொலர் தாளில் படம். நீங்களும் முயற்சி செய்யுங்கள்! எனக்கும் அந்தப் பெயர் அப்படித்தான் அறிமுகம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தவன் நான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதோடு இரண்டாம் வருடத்தில் நின்றுபோனது. பிறகு எல்லாம் குசினிதான். ரெஸ்ரோரண்ட் வேலையில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரு மூன்று மணித்தியால வெட்டு இருக்கும். வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது, சும்மா இருக்கவும் ஏலாது. அப்படியான வெட்டுகளில்தான் அந்தச் சுயசரிதையைப் பிரெஞ்சில் பழைய புத்தகமாக வாங்கி மெதுமெதுவாக வாசித்தேன். வாசித்தபோது கோட்டும் சூட்டும் காணாமல் போய், அதற்குள் ஒரு 17 வயதுப் பெடியன் இருந்தான். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, கள்ளமாகக் கப்பல் ஏறி, பொய்க்கதை சொல்லி ஓடிவந்த பெடியன். எங்கட ஆள்!

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பொஸ்டனில் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்கிற தகப்பனுக்குப் பிறந்தவர். 12 வயதில் தமையன் ஜேம்ஸிடம் அச்சகத்தில் தொழில் பழக ஒப்பந்தம் எழுதிவிடுகிறார்கள். 21 வயதுவரை கட்டு. தமையன் அடிக்கிறார். பிற்காலத்தில் அதிகாரத்தைக் கண்டால் தனக்கு வருகிற வெறுப்பு அந்த அடியில் தொடங்கியிருக்கலாம் என்று பிராங்க்ளினே எழுதுகிறார். தமையன் ஒரு பத்திரிகை நடத்தினார். அரசாங்கத்தைக் கிண்டல் அடித்ததற்காக அவரை 1722இல் ஒரு மாதம் மறியலில் போட்டார்கள். அடுத்த வருடம், ஜேம்ஸ் இந்தப் பத்திரிகையை அச்சிடக்கூடாது என்று கட்டளை. உடனே பத்திரிகை தம்பியின் பெயருக்கு மாறுகிறது. கேள்வி வந்தால் காட்டுவதற்காகப் பழைய ஒப்பந்தத்தை ரத்துச் செய்து கையில் கொடுக்கிறார்கள். அதே நேரத்தில் இரகசியமாகப் புது ஒப்பந்தம் ஒன்றிலும் கையெழுத்து வாங்குகிறார்கள். வெளியில் காட்ட ஒரு பேப்பர், உள்ளுக்குள் வேறொரு பேப்பர். இதெல்லாம் எங்களுக்குப் புதுசில்லைத்தானே.

தம்பி அந்த ஓட்டையால்தான் நழுவினார். இரகசியப் பேப்பரைத் தமையன் வெளியில் காட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். தன் புத்தகங்களில் சிலவற்றை விற்றுக் காசு சேர்த்தார். பொஸ்டனில் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கிவிட்டான், வீட்டுக்காரர் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள், அதனால் ஓடவேண்டும் என்று ஒரு நண்பன் கப்பல் கப்டனுக்குக் கதை சொல்லி இடம் பிடித்துக் கொடுத்தான். உண்மைக் காரணத்தைச் சொன்னால் ஏற்றமாட்டார்கள். கேஸ் எழுதிக் கொடுக்கிறவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். 1723 செப்டெம்பர் கடைசியில் தமையனின் பத்திரிகையில், தொழில் பழக ஒரு நல்ல பெடியன் தேவை என்று இரண்டு வரி விளம்பரம் வந்தது. அவ்வளவுதான்.

நியூயோர்க்கில் வேலை இல்லை. அங்கிருந்து படகிலும் கால்நடையாகவும் மழையில் நனைந்து பிலடெல்பியாவுக்குப் போகிறார். வழியில் ஒரு சத்திரத்தில், ஓடிவந்த வேலைக்காரன் போல இருக்கிறதே என்று சந்தேகமாகப் பார்த்தார்களாம். எந்த நேரமும் பிடிபடலாம் என்ற பயம். ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலடெல்பியாவில் இறங்கும்போது ஒரு டொலரும் கொஞ்சச் செப்புக்காசும்தான் மிச்சம். மூன்று பென்ஸுக்குப் பாண் கேட்டார். பெரிய பெரிய ரொட்டி மூன்றைக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றைத் தின்றுவிட்டு மற்ற இரண்டையும் கூடப் படகில் வந்த ஒரு மனுசிக்கும் பிள்ளைக்கும் கொடுத்தார்.

ஒரு வருடம் கழித்து பென்சில்வேனியாவின் ஆளுநர் வில்லியம் கீத் அவரைக் கூப்பிட்டு, லண்டனுக்குப் போய் அச்சு இயந்திரமும் எழுத்தும் வாங்கி வா, சொந்த அச்சகம் போடலாம், கடன்கடிதம் எல்லாம் நான் தருகிறேன் என்கிறார். பெடியன் நம்பிக் கப்பல் ஏறிவிட்டான். 1724 டிசம்பர் 24ம் திகதி லண்டன் வந்துசேர்ந்தபோது கடிதமும் இல்லை, ஒன்றும் இல்லை. யாருக்கும் பிணை நிற்கிற அளவுக்கு அந்த ஆளுநருக்கே லண்டனில் பெயர் இல்லை! கொழும்பில் காசைக் கட்டிவிட்டு மொஸ்கோவிலோ பாங்கொக்கிலோ மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிப்பார்கள். நான் வாசித்தேன்.

லண்டனில் ஒன்றரை வருடம் அச்சகங்களில் கூலிவேலை. ஈய எழுத்துக் கோர்த்த பாரமான சட்டங்களை மற்றவர்கள் இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்க, இவர் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு படியேறுவாராம். மற்றவர்கள் நாள் முழுக்க பியர் குடிக்க இவர் தண்ணி குடித்தார். கிழமைச் சம்பளத்தில் நாலைந்து ஷில்லிங் பியருக்கே போனதால் அவர்கள் எப்போதும் அடியில்தான் கிடந்தார்கள் என்று எழுதுகிறார். கொஞ்சம் தற்பெருமைதான்.

1726 யூலையில் திரும்பக் கப்பல் ஏறுகிறார். 20 வயது. தோமஸ் டென்ஹாம் என்ற வியாபாரி தன்னிடம் கணக்கெழுத வேலை தந்து, கப்பல் காசு பத்துப் பவுணையும் கட்டியிருந்தார். அது கடன். அதைவிடப் பெரிய கடன் ஒன்றும் இருந்தது. வெர்னன் என்பவருக்காக வசூலித்த 35 பவுணை வைத்திருந்து, கூட்டாளி ஒருவனுக்குக் கொடுத்துக் கொடுத்தே கரைத்துவிட்டார். வெர்னன் எப்போது கேட்பாரோ என்று வருடக்கணக்காகப் பயம்.

கப்பலில் அவர் எழுதிய விதிகள் 13 இல்லை. நாலுதான். முதலாவது, கடன் கட்டி முடியுமட்டும் மிகச் சிக்கனமாக இருப்பது. இரண்டாவது, எப்போதும் உண்மை பேசுவது, நிறைவேற்ற முடியாத நம்பிக்கையை யாருக்கும் கொடுக்காமல் இருப்பது (கீத் ஐயா நினைவுக்கு வந்திருப்பார்). மூன்றாவது, எடுத்த வேலையில் முழுதாக நிற்பது, கெதியில் பணக்காரனாகிற யோசனைகளின் பின்னால் போகாமல் இருப்பது. நாலாவது, ஒருவரைப் பற்றியும் கெடுதலாகக் கதைக்காமல் இருப்பது.

மேடையில் பேசுகிறவர்கள் நேராக 13க்குப் பாய்ந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த நாலும்தான் பெரிது. அறம், ஆன்மா, முன்னேற்றம் ஒன்றும் முதல் வரியில் இல்லை. கடன்தான் இருக்கிறது. கப்பலில் கூட வந்த டென்ஹாமுக்கும் அதில் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மனுசன் முன்னொரு காலத்தில் பிரிஸ்டலில் வியாபாரம் நொடித்து, பலபேருக்குக் கடன்பட்டு, பேசித் தீர்த்துக்கொண்டு அமெரிக்கா போனவர். அங்கே உழைத்து நல்லாக வந்துவிட்டார். இந்தப் பயணத்தில் இங்கிலாந்து வந்ததும் பழைய கடன்காரர்கள் எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். அந்த நேரம் தன்மையாக நடந்ததற்கு நன்றி சொன்னார். விருந்தைத் தவிர வேறொன்றையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. முதல் சாப்பாடு முடிந்து கோப்பைகளை எடுத்தபோது, ஒவ்வொருவருடைய கோப்பைக்கும் கீழே வங்கிச் சீட்டு. மிச்சக் கடன் முழுக்க, வட்டியோடு.

நான் இத்தனை வருசத்தில் எத்தனை ஆயிரம் கோப்பை எடுத்திருப்பேன். அந்த மேசையில் கோப்பை எடுத்த பெடியனின் முகத்தைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது.

(வெர்னன் பிறகு ஒருநாள் மெதுவாக ஞாபகப்படுத்தினார். பிராங்க்ளின் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதித் தவணை கேட்டு, பிறகு வட்டியோடு கொடுத்துவிட்டார். டென்ஹாம் சாகும்போது அந்தப் பத்துப் பவுணை மன்னித்துவிட்டுப் போனார்.)

நான் வந்த புதிதில் இருந்த றூமில் ஒன்பது பேர். அதில் வடமராட்சிப் பக்கத்து அண்ணை ஒருவர் லாசப்பல் கடையில் சும்மா கொடுக்கிற கலண்டரைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். உண்டியலில் காசு போட்ட நாளில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மிச்சக் கடன். இலட்சத்தில் தொடங்கி மாதாமாதம் குறைந்துகொண்டு வரும். குடித்த நாளுக்கு ஒரு சின்னப் புள்ளி. ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தனக்கே தான் வைத்த புள்ளி. வட்டத்துக்குள் பூச்சியம் வந்த அன்று ஒன்பது பேருக்கும் இரண்டு முழுக் கோழி வாங்கிவந்து சமைத்தார். பிராங்க்ளினின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

13 வந்தது நாலைந்து வருடம் கழித்து, 1730 அளவில். அப்போது சொந்த அச்சகம், பத்திரிகை எல்லாம் வந்துவிட்டது. உணவிலும் குடியிலும் அளவு, மௌனம், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, கபடமின்மை, நீதி, மிதம், சுத்தம், மன அமைதி, புலனடக்கம், பணிவு. முதலில் 12தான். உனக்குத் தலைக்கனம் கூட என்று ஒரு குவேக்கர் நண்பர் உதாரணங்களோடு சொன்னபிறகு பணிவைக் கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

கொப்பியில் நிரலில் கிழமையின் ஏழு நாள், வரிசையில் 13 குணம். ஆக 91 கட்டம். இரவில் அன்றைக்கு எதில் பிழைத்தாரோ அந்தக் கட்டத்தில் கறுப்புப் புள்ளி. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடிக்கப் போகவில்லை. ஒரு கிழமைக்கு ஒரு குணத்தில்தான் முழுக் கவனம், மற்றதெல்லாம் வழமைபோல. 13 கிழமையில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. அழித்து அழித்து எழுதியதில் கடதாசி ஓட்டையாகிவிட்டது. பிறகு யானைத்தந்தத் தகட்டில் சிவப்பு மையால் நிரந்தரமாகக் கோடு போட்டு, புள்ளியைப் பென்சிலால் வைத்து ஈரப் பஞ்சால் துடைத்தார். நான் நினைத்ததைவிட என்னில் பிழை எவ்வளவோ கூட இருந்தது, ஆனால் குறைந்துகொண்டு வருவதைப் பார்க்கச் சந்தோசம் என்கிறார்.

ஒவ்வொரு நாளும் மாலையில் செய்ததைத் திருப்பிப் பார்ப்பது அவர் கண்டுபிடித்ததில்லை. பைதகரஸின் பெயரில் வழங்கும் பழைய பாடல்களில் இருந்து எடுத்தேன் என்று அவரே சொல்கிறார். எங்களிடம் ஆத்திசூடி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஏடு தொடக்கியதிலிருந்து பாடமாக்கினோம். பாரதியும் தன் காலத்துக்கு ஒரு புதிய ஆத்திசூடி செய்தார். ஆனால் அது பெரியவர் பிள்ளைக்குச் சொல்வது. பிள்ளை ஒப்புவிக்கும், வாத்தியார் பிரம்போடு நிற்பார். நான் வளர்ந்ததே அடுத்தவர் எழுதிய விதிகளுக்குள்தான். பள்ளிக்கூடத்தின் விதி, ஊரடங்குச் சட்டம், இயக்கத்தின் விதி, ஆமியின் பாஸ், இங்கே வந்தபிறகு அகதி அலுவலகத்தின் தவணைத் திகதி, குசினிச் சுவரில் ஒட்டின கை கழுவும் முறை. இருபத்தைந்து வயதுவரைக்கும் ஒரு விதியையும் நானாக எழுதி நானாக மீறிப் பார்த்ததில்லை. தானே எழுதி, தானே மீறி, தானே புள்ளி வைக்கிற இந்த முறை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

அவருக்கு ஆகக் கஷ்டம் கொடுத்தது 'ஒழுங்கு'. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம், ஒவ்வொரு அலுவலுக்கும் ஒரு நேரம். ஐந்து மணிக்கு எழும்பி இன்றைக்கு என்ன நன்மை செய்யலாம் என்று கேட்பது, எட்டிலிருந்து பன்னிரண்டு வேலை, இரண்டு மணித்தியாலம் வாசிப்பும் கணக்கும் மத்தியானச் சாப்பாடும், ஆறுவரை திரும்ப வேலை, பிறகு பொருட்களை ஒதுக்கி வைப்பது, இராச்சாப்பாடு, பாட்டு, பேச்சு, பத்துக்குப் படுக்கை. இந்த அட்டவணையை ஒரு கூலித் தொழிலாளி கடைப்பிடிக்கலாம், ஏனென்றால் அவனுடைய நேரம் அவன் கையில் இருக்கும், என்னைப்போல முதலாளியால்தான் முடியாது என்று ஒரு இடத்தில் சொல்கிறார். வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். ஐயா, ஒருநாள் சனிக்கிழமை இரவு எங்கட குசினிக்கு வந்து பாருங்கோ!

அந்த அட்டவணையில் இன்னொன்றும் இல்லை. சாப்பாடு என்று மூன்று இடத்தில் இருக்கிறது, சமையல் என்று ஓரிடத்திலும் இல்லை. அவருடைய மனைவி டெபோரா கடையைப் பார்த்தார், துண்டுப்பிரசுரங்களை மடித்துத் தைத்தார், கடதாசி செய்கிறவர்களுக்காகப் பழந்துணி வாங்கினார் என்று அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார். கொப்பியில் மட்டும் அவவுக்கு ஒரு வரிசையும் இல்லை. 1764 கடைசியில் லண்டனுக்குக் கப்பல் ஏறியவர் பத்து வருடமாக வீட்டுக்குத் திரும்பவில்லை. 1774 டிசம்பரில் டெபோரா இறந்தபோதும் அவர் லண்டனில்தான்.

ஒழுங்கைப் பற்றி ஒரு பகிடிக்கதையும் சொல்கிறார். ஒருவன் கோடரி வாங்கினானாம். வாய்ப்பக்கம் மட்டுமில்லை, முழுக் கோடரியும் பளபளக்க வேண்டும் என்றானாம். சரி, நீயே சாணைச் சில்லைச் சுற்று என்றானாம் கொல்லன். அது பாரச் சில்லு. சுற்றிச் சுற்றிக் களைத்து, போதும் இப்படியே தா என்றானாம். இன்னும் புள்ளி புள்ளியாகத்தானே இருக்கிறது, சுற்று என்றானாம் கொல்லன். எனக்குப் புள்ளிக் கோடரிதான் பிடிக்கும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனானாம். நானும் அந்தப் புள்ளிக் கோடரிக்காரன் மாதிரித்தான் என்று பிராங்க்ளின் சிரிக்கிறார். புலனடக்கத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அவருடைய மகன் வில்லியம் 1730 அளவில் பிறந்தவர், தாய் யார் என்று கடைசிவரை வெளியில் வரவில்லை. குடியில் அளவு என்பது முதல் வரிசை, பஸ்ஸி வீட்டு நிலவறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைன் போத்தல்! பணிவைப் பற்றி அவர் சொல்வது எனக்குப் பிடிக்கும். பணிவு உள்ளவன் மாதிரித் தோற்றம் வந்தது, பணிவு வரவில்லை, வந்திருந்தாலும் அதற்காகவே பெருமைப்பட்டிருப்பேன் என்கிறார்.

இந்தக் கொப்பி எங்கெல்லாம் போனது என்று பார்த்தால் ஆச்சரியம். 1847இல் கசான் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டுப் போன 18 வயது ரஷ்யப் பெடியன் ஒருவன் நாட்குறிப்பில் விதிகளாக எழுதித் தள்ளினான். ஐந்து மணிக்கு எழும்பவேண்டும், இதைச் செய்யவேண்டும், அதைச் செய்யக்கூடாது. 1851இல் பிராங்க்ளினைப் பார்த்துத் தன் பலவீனங்களுக்கு ஒரு கணக்கும் வைத்தான். விதிகள் ஒரு பக்கம், சூதாட்டம் ஒரு பக்கம். 1854இல் தான் பிறந்த வீட்டையே சூதாட்டக் கடனுக்காக விற்கவேண்டி வந்தது. டால்ஸ்டாய்தான். படிப்பை இடையில் விட்டவர்கள் பட்டியலில் அப்படியானவர்களும் இருப்பது எனக்கு ஒரு ஆறுதல். கடைசிக் காலத்தில், 1908இல், இந்தியப் புரட்சிக்காரர் தாரக்நாத் தாஸுக்கு எழுதிய கடிதத்தில் அதே டால்ஸ்டாய் நம்முடைய குறளை எடுத்துக் காட்டுகிறார். இன்னா செய்யாமை. அந்தக் கடிதத்தைக் காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்தார். 1910இல் ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பக்கத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. அங்கே இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியே தமிழ் படிப்பித்தார். ஜி. யு. போப்பின் கைநூலைத் தாண்டாத, கப்பலிலும் மறியலிலும் பழகின தமிழ்.

எல்லோருக்கும் இந்தக் கொப்பி பிடிக்கவில்லை. டி. எச். லோரன்ஸ் 1923இல் கடுமையாகக் கிண்டல் அடித்து, பதிலுக்குத் தானும் ஒரு பட்டியல் போட்டார். மனிதனை முள்ளுக்கம்பிக்குள் அடைக்கிறான் என்பது அவருடைய கோபம். மக்ஸ் வேபர் முதலாளித்துவத்தின் மனம் எப்படி இருக்கும் என்று காட்டப் பிராங்க்ளினைத்தான் எடுத்தார். இரண்டு பேரிலும் நியாயம் இருக்கிறது. எங்கட ஆட்களிலும் கடை வைத்து மேலே வந்தபிறகு, கோப்பை கழுவுகிற பெடியனுக்குச் சிக்கனமும் உழைப்பும் போதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தனக்கு எழுதிய விதியை மற்றவனின் சுவரில் ஒட்டினால் அது குசினி நோட்டீஸ்தான்.

ஆனால் என்னை நித்திரை கொள்ளவிடாத விசயம் வேறு. எட்டாவது வரிசை. நீதி.

ஓடிவந்த அந்தப் பெடியன் வளர்ந்து பென்சில்வேனியா கெசற் என்ற பத்திரிகையின் முதலாளியானபோது, அதில் அடிமைகள் விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டுக் காசு வாங்கினார். ஓடிப்போன அடிமைகளையும் ஒப்பந்த வேலைக்காரர்களையும் பிடித்துத் தந்தால் சன்மானம் என்ற விளம்பரங்களும் அதே பத்திரிகையில்தான். தமையனின் இரண்டு வரி விளம்பரம் ஞாபகத்தில் இருந்ததோ என்னவோ. 1730களிலிருந்து அவருடைய வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். 91 கட்டமும் பார்த்து, அநியாயமாக யாரையும் பற்றிப் பேசினேனா, கூடக் குடித்தேனா, நேரத்தை வீணாக்கினேனா என்று இரவில் விளக்குப் பிடித்துத் தேடிய மனுசன். அடுத்த அறையில் படுத்திருந்த ஆளை அந்த விளக்கில் தெரியவில்லை.

நான் விசா இல்லாத காலத்தில் இன்னொருவரின் காட்டில் வேலை செய்தேன். சம்பளம் அவருடைய வங்கிக்கு வரும், அவர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். பங்கு மாதத்துக்கு மாதம் கூடியது. அவர் நல்ல மனுசன்தான். குடிக்கமாட்டார், கோயில் திருவிழாவுக்கு முன்னுக்கு நிற்பார், அகதிக்காரனுக்கு உதவி செய்தேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறார். இப்போது என்னிடம் காட் இருக்கிறது. பங்களாதேஷ் பெடியனோ மாலிப் பெடியனோ வந்து மெதுவாகக் கேட்பான். என்னுடைய கொப்பியில் இருக்கிற மூன்று வரியில் ஒன்று அதைப் பற்றியது. மற்ற இரண்டும் என்னவென்று சொல்லப்போவதில்லை, அதுவும் விதி.

பிராங்க்ளின் கடைசியில் மாறினார், அதையும் சொல்லவேண்டும். 1787இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில் அடிமைமுறையை ஒழிக்கக் கேட்டு அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போன மனுவில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. காங்கிரஸ் கையை விரித்துவிட்டது. ஏப்ரல் 17ம் திகதி, 84 வயதில் இறந்துபோனார். 13 குணம் எழுதி அறுபது வருடம் கழித்து.

ஆனால் 1757இல் அவரும் மகன் வில்லியமும் லண்டனுக்குப் போனபோது கூட்டிக்கொண்டு போன இரண்டு அடிமைகளில் ஒருவனின் பெயர் கிங். ஒரு வருடம் அளவில் கிங் ஓடிவிட்டான். 1760 யூனில் டெபோராவுக்கு எழுதிய கடிதத்தில் பிராங்க்ளின் அதைச் சொல்கிறார். சஃபோக் பக்கத்தில் ஒரு சீமாட்டியின் வீட்டில் கிங் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அவனைத் திரும்ப எடுப்பதா, அந்த அம்மாவுக்கே விற்பதா என்று இன்னும் முடிவாகவில்லையாம். அந்த அம்மா அவனுக்கு எழுத வாசிக்கப் பழக்கியிருக்கிறா. வயலின் வாசிக்கவும், கொம்பு ஊதவும் பழக்கியிருக்கிறா.